சட்டத்தில் 4 சதவீதம். தாராவிக்கு எட்டவில்லை ஒப்பந்தப்புள்ளி

புதுதில்லி: மும்பையில் சயானையும் பாந்த்ராவையும் இணைக்கும் சாலையில் தாராவியின் தோல்பொருள் கடைகள் வரிசையாக நிற்கின்றன. பின்னாலுள்ள சந்துகளில், பத்துக்குப் பத்து அடி அறைகளில், பைகளும் இடைவார்களும் பணப்பைகளும் இரவு பகலாகத் தைக்கப்படுகின்றன. அதே சாலையில்தான் பொதுத்துறையைச் சேர்ந்த எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் "லெவன் ஹை" என்ற அடுக்குமாடி அலுவலகமும் இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் அஞ்சல் குறியீட்டு எண் ஒன்றுதான்: 400017.

அஞ்சல் எண் ஒன்றாக இருந்தாலும், அந்த அலுவலகத்தின் கொள்முதல் பிரிவுக்கும் எதிரேயுள்ள தையல் அறைக்கும் இடையிலுள்ள தூரம் வெகு அதிகம். அந்தத் தூரத்தைக் குறைப்பதற்காகவே தில்லியில் ஓர் ஆணை பிறப்பிக்கப்பட்டது. மத்திய அரசின் அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் பொருள்கள், சேவைகளின் மொத்த மதிப்பில் குறைந்தது 4 சதவீதத்தைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு தொழில்களிடமிருந்து வாங்க வேண்டும் என்கிறது அந்த ஆணை. அது பிறப்பிக்கப்பட்ட நாள் 2012 மார்ச் 23.

நெல்லைச் சீமையிலிருந்து மூன்று, நான்கு தலைமுறைகளுக்கு முன் புறப்பட்டு வந்து தாராவியின் தோல் தொழிலில் வேர்விட்ட ஆதிதிராவிடக் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இருக்க முடியாது. இந்த ஆணை கட்டுப்படுத்தும் நிறுவனங்கள் தாராவியிலிருந்து தொலைவிலும் இல்லை. செம்பூரை அடுத்த அணுசக்தி நகரில் இந்திய அணு மின் கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. மாஹுலில் பாரத் பெட்ரோலியம், ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகியவற்றின் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. செம்பூரில் ராஷ்டிரிய ரசாயன உர நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது. நாட்டுக்கு மின்சாரமும் எரிவாயுவும் எரிபொருளும் உரமும் தரும் இந்நிறுவனங்கள் அனைத்தும் மத்திய அரசின் பொதுத்துறையைச் சேர்ந்தவை. அப்படியிருந்தும் இந்த ஆணையின் பயன் தாராவிக்குச் சென்று சேர்ந்ததாகச் சொல்ல முடியவில்லை. அதற்கான காரணங்களைப் பார்க்கும்போது, சட்டம் எழுதுவதற்கும் சந்தையைத் திறப்பதற்கும் உள்ள வேறுபாடு புரிகிறது.

ஆணை என்ன சொல்கிறது?

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன் 11-ஆவது பிரிவின்கீழ் பிறப்பிக்கப்பட்டது இந்தப் பொதுக் கொள்முதல் கொள்கை ஆணை. தொடக்கத்தில் மொத்தக் கொள்முதலில் 20 சதவீதம் குறு, சிறு தொழில்களுக்கு என்றும், அதற்குள் 4 சதவீதம் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு என்றும் வகுக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயமாக்கப்பட்டது. 2018 நவம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மொத்த இலக்கு 25 சதவீதமாக உயர்ந்தது. பெண் தொழில்முனைவோருக்கு 3 சதவீதம் தனியாகச் சேர்க்கப்பட்டது. 4 சதவீதத்தில் மாற்றமில்லை.

தனி உரிமையாளர் நடத்தும் தொழிலானால் அவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கூட்டு நிறுவனமானாலும் தனியார் வரையறு நிறுவனமானாலும் குறைந்தது 51 சதவீதப் பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும். ஒப்பந்தப்புள்ளிப் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை கட்ட வேண்டியதில்லை. மேலும் 358 பொருள்களைக் குறு, சிறு தொழில்களிடம் மட்டுமே வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் தோல் இடைவார்களும் வார்ப்பட்டைகளும் உள்ளன. எல்லா வகைக் கையுறைகளும் காலணிகளும் உள்ளன. தோலிலும் துணியிலும் சணலிலும் செய்த பைகள் உள்ளன. தாராவியின் கைகளுக்குத் தெரிந்த வேலையைப் பார்த்து எழுதியதுபோலவே அந்தப் பட்டியல் அமைந்திருக்கிறது.

மின் நிறுவனம் என்றதும் கொதிகலனும் சுழலியும் மின்மாற்றியும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால், அதே நிறுவனம் மின்கம்பத்தில் ஏறும் தொழிலாளிக்கு இடைவாரும் கருவிப்பையும் வாங்குகிறது. ரப்பர் கையுறை கிழியாமலிருக்க அதன்மேல் அணியும் தோல் கையுறையை வாங்குகிறது. சீருடை தைக்கக் கொடுக்கிறது. அலுவலகத்தைத் துப்புரவு செய்ய, உணவகம் நடத்த, வாகனம் ஓட்ட ஒப்பந்தம் விடுகிறது. மின்மாற்றி செய்ய முடியாத சிறு தொழில்முனைவோரும் நுழையக்கூடிய வாசல்கள் இவை.

ஒரு சதவீதத்தைத் தொடாத கணக்கு

இந்தக் கொள்முதலைக் கண்காணிக்க 2017 டிசம்பரில் "சம்பந்த்" என்ற இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. பொதுத்துறை நிறுவனங்கள் தரும் கணக்குகள் அதில் வெளியாகின்றன. குறு, சிறு தொழில்களுக்கான 25 சதவீத மொத்த இலக்கு எட்டப்பட்டதோடு, பல ஆண்டுகளில் தாண்டப்பட்டும் உள்ளது. ஆனால், 4 சதவீத உள் இலக்கின் நிலை வேறு. ஆணை கட்டாயமாக்கப்பட்ட பிறகும் பல ஆண்டுகள் அது ஒரு சதவீதத்துக்கும் கீழேயே கிடந்தது.

பொதுத்துறை நிறுவனங்களின் ஆண்டுக் கொள்முதல் ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு லட்சம் கோடி என்றே வைத்துக்கொண்டாலும், 4 சதவீதம் என்பது ஆண்டுக்கு 4,000 கோடி ரூபாய். ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்றால், சேர வேண்டியதில் முக்கால் பங்குக்கு மேல் சேரவில்லை என்று பொருள்.

இந்த இலக்குத் தவறியதற்காக எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதற்கான வழி ஆணையிலேயே இருக்கிறது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழில்கள் ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ளாவிட்டாலோ, நிபந்தனைகளையும் குறைந்தபட்ச விலையையும் நிறைவு செய்ய இயலாவிட்டாலோ, அந்த 4 சதவீதத்தைப் பிற குறு, சிறு தொழில்களிடம் வாங்கி நிரப்பிக்கொள்ளலாம் என்கிறது அந்த விதி. அதாவது, "யாரும் வரவில்லை" என்று கோப்பில் எழுதினால் போதும். அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்கும் கடமை எவருக்கும் இல்லை.

விலை விதியும் கவனிக்கத்தக்கது. பெரிய நிறுவனம் ஒன்று 100 ரூபாய் என மிகக் குறைந்த விலை கேட்டிருந்தால், 115 ரூபாய் வரை கேட்டிருக்கும் சிறு தொழிலுக்கு ஒரு வாய்ப்பு தரப்படும். ஆனால், அந்த வாய்ப்பு 100 ரூபாய்க்கு இறங்கி வந்து, மொத்தத் தேவையில் கால் பங்கைத் தருவதற்குத்தான். கூடுதல் விலை எதுவும் கிடைக்காது. மூலப்பொருளைச் சில்லறையாக வாங்கி, வட்டிக்குக் கடன் எடுத்துத் தொழில் நடத்தும் பட்டறைக்காரருக்கு 112 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்கு இறங்குவது என்றால் லாபம் முழுவதையும் விட்டுக்கொடுப்பது.

பொருளைக் கொடுத்த பின்னும் கவலை தீர்வதில்லை. 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். ஆனால், அடுத்த ஆண்டும் ஒப்பந்தம் வேண்டும் என்று எண்ணுபவர் வாடிக்கையாளர்மீது புகார் கொடுக்கத் தயங்குவது இயல்பு. வாரக்கூலி கொடுத்தாக வேண்டிய பட்டறையில் 45 நாளே நீண்ட காலம்.

பிறந்த கதை

பொருள் தருவோரில் பன்மை வேண்டும் என்ற கொள்கை அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தையொட்டி வளர்ந்தது. அதிபர் நிக்சன் 1969-இல் சிறுபான்மையினர் தொழில்களுக்கென்று தனி அலுவலகம் அமைத்தார். மின்சாரம், எரிவாயு, தொலைபேசி நிறுவனங்களைப் பொறுத்தவரை கலிபோர்னியா மாநிலம் முன்னோடியாகத் திகழ்ந்தது. அங்கு 1986-இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் தொடர்ந்து, பொதுப் பயன்பாட்டு ஆணையம் 1988-இல் "பொது ஆணை 156" என்பதைப் பிறப்பித்தது. சிறுபான்மையினர் தொழில்களுக்கு 15 சதவீதம், பெண்களுக்கு 5 சதவீதம், படைப்பணியில் ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கு 1.5 சதவீதம் என இலக்குகள் வகுக்கப்பட்டன.

அவை இலக்குகளே தவிர ஒதுக்கீடு அல்ல. ஆனாலும் அந்த ஆணைக்கு ஒரு பிடிமானம் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுதோறும் எவ்வளவு வாங்கியது, இலக்கை ஏன் எட்டவில்லை, அடுத்த ஆண்டுத் திட்டம் என்ன என்று ஆணையத்திடம் அறிக்கை தர வேண்டும். மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையமே அந்த அறிக்கையையும் கேட்கிறது என்பதால் நிறுவனங்கள் அதை அலட்சியம் செய்ய முடியவில்லை. அமெரிக்காவில் 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணைகளுக்குப் பின் மத்திய அரசு மட்டத்தில் இத்தகைய கொள்கைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன; பல பெருநிறுவனங்களும் தங்கள் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன.

இந்தியாவில் இந்தக் கருத்து அரசியல் அரங்குக்கு வந்தது 2002 ஜனவரியில். மத்தியப் பிரதேச முதல்வராக இருந்த திக்விஜய் சிங்கின் ஆதரவில் போபாலில் கூடிய தலித் அறிஞர்கள், செயற்பாட்டாளர்கள் மாநாடு 21 அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. பத்திரிகையாளர் சந்திரபான் பிரசாத் அதில் முக்கியப் பங்காற்றினார். அரசு வேலையில் இட ஒதுக்கீடு மட்டும் போதாது, அரசின் கொள்முதலிலும் பங்கு வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அதே மாதம் குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அந்தப் பிரகடனத்தைக் குறிப்பிட்டார். அரசுக் கொள்முதலில் 30 சதவீதத்தைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடமிருந்து பெற மத்தியப் பிரதேச அரசு முடிவெடுத்தது. 2003 டிசம்பரில் திக்விஜய் சிங் ஆட்சி முடிவுக்கு வந்தது, கருத்து மறையவில்லை.

மிலிந்த் காம்ப்ளே 2005-இல் புணேயில் தலித் இந்திய வர்த்தக, தொழில் சபையைத் தொடங்கினார். அந்தச் சபை 2011 டிசம்பரில் மும்பையில் தேசிய வர்த்தகக் கண்காட்சியை நடத்தியது, தாராவிக்கு மறுகரையிலுள்ள பாந்த்ரா - குர்லா வளாகத்தில்தான். அடுத்த மூன்று மாதத்தில் மத்திய அரசின் ஆணை வந்தது. 2016 அக்டோபர் 18-இல் லூதியாணாவில் பிரதமர் நரேந்திர மோடி தேசிய தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தொழில் மையத்தைத் தொடங்கி வைத்தார். 4 சதவீத இலக்கை எட்டச் செய்வதே அதன் முதன்மை நோக்கம். காங்கிரஸ் ஆட்சியில் பிறந்த ஆணையை அடுத்து வந்த பாஜக ஆட்சி தொடர்ந்து ஏற்றுக்கொண்டது. ஆகவே, கொள்கையில் கட்சிகளிடையே பகையில்லை. செயலாக்கத்தில்தான் குறை.

சான்றிதழ் எந்த மாநிலத்தது?

தாராவித் தமிழரைப் பொறுத்தவரை முதல் தடை சாதிச் சான்றிதழ். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலவாரியானது. திருநெல்வேலியில் ஆதிதிராவிடராகப் பட்டியலில் இருப்பவர் மும்பைக்குக் குடிபெயர்ந்தால், மகாராஷ்டிர அரசின் சலுகைகளைப் பொறுத்தவரை அவர் தாழ்த்தப்பட்டவராகக் கருதப்படுவதில்லை. மகாராஷ்டிரத்தில் சாதிச் சான்றிதழ் வழங்குவது தொடர்பான வழக்கிலேயே 1994-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது. தில்லி குடிநீர் வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2018 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வு மீண்டும் அதை நிலைநிறுத்தியது. மத்திய அரசுப் பணிகளுக்கு மட்டும் நாடு தழுவிய தகுதி உண்டு என்றும் அது கூறியது.

மகாராஷ்டிரத்தின் சான்றிதழ் வேண்டுமானால், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் அங்கு நிலையாக வசித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மாநிலப் பட்டியலில் சாதியின் பெயரும் இருக்க வேண்டும். தோல் ஆலையில் கூலி வேலை செய்து, குடிசையில் வாழ்ந்து, பள்ளிக்கூடம் போகாத தாத்தாவின் 1950-ஆம் ஆண்டு ஆவணத்தைப் பேரன் எங்கே தேடுவான்? மற்றொரு வழி, தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழைக் காட்டி, இடம்பெயர்ந்தோருக்கான சான்றிதழ் பெறுவது. 1985-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சுற்றறிக்கை அதற்கு இடம் தருகிறது. ஆனால், தந்தைக்கே சான்றிதழ் இல்லாத குடும்பங்கள், பட்டா நிலமும் வீடும் இல்லாத பூர்வீக ஊரின் வட்டாட்சியர் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

4 சதவீத ஆணை மத்திய அமைச்சகங்களையும் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. எனவே, தமிழ்நாட்டுப் பட்டியலின்கீழ் பெற்ற சான்றிதழை மும்பையிலுள்ள மத்தியப் பொதுத்துறை அலுவலகத்தில் ஏற்பதே அதன் நோக்கத்துக்கு உகந்தது. இதை ஐயத்துக்கு இடமின்றி ஒரு சுற்றறிக்கையில் எழுதி எல்லாக் கொள்முதல் பிரிவுகளுக்கும் அனுப்புவது தொழில் அமைச்சகத்துக்குப் பெரிய வேலையல்ல.

மாநில எல்லை தமிழ்நாட்டுப் பக்கத்திலும் உண்டு. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் முதலீட்டில் 35 சதவீத மானியம் தருகிறது. ஆனால், அது தமிழ்நாட்டில் தொழில் நடத்துவோருக்கானது. மும்பையில் "வெளிமாநிலத்தார்", தமிழகத்தில் "வெளியூர்க்காரர்" என்று இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் நிற்கிறார் தாராவிக்காரர்.

கிறிஸ்தவர்களான தலித் குடும்பங்களுக்கு இந்த வழியும் இல்லை. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களையும், பின்னர் 1956-இல் சேர்க்கப்பட்ட சீக்கியரையும், 1990-இல் சேர்க்கப்பட்ட பௌத்தரையும் மட்டுமே ஏற்கிறது. இதை ஆராய 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. தென் மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில் ஓர் உடன்பிறப்புக்குத் தகுதியும் மற்றவருக்குத் தகுதியின்மையும் ஏற்பட மதம் மாறியது ஒன்றே போதும்.

முகவரி இல்லாத தொழில்

இரண்டாவது தடை முகவரி. "உத்யம்" பதிவு, சரக்கு, சேவை வரிப் பதிவு, வங்கிக் கடன், தேசியச் சிறுதொழில் கழகத்தின் நேரடி ஆய்வு ஆகிய அனைத்துக்கும் தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணம் வேண்டும். தாராவியின் பட்டறைகளில் பல வாடகை அறைகளில், மேல்மாடிகளில், எழுதாத ஒப்பந்தங்களின் பேரில் நடக்கின்றன. கடையில் வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தக் கொள்கையில் இடமில்லை. உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும் மட்டுமே உண்டு. உற்பத்தி செய்பவருக்கோ காகிதம் இல்லை. காகிதம் வைத்திருப்பவர் பெரும்பாலும் சாலையோரக் கடைக்காரர்.

பொருளாதார அமைப்பும் அதற்கேற்பவே உள்ளது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 73-ஆவது சுற்றின்படி (2015-16) நாட்டின் குறுந்தொழில்களில் சுமார் 12.5 சதவீதம் தாழ்த்தப்பட்டோருடையவை. சிறுதொழில் என்ற அடுத்த படியில் அது 5.5 சதவீதமாகச் சரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் பங்கு 16.6 சதவீதம். கடைசிப் படியில் கூட்டமும் அடுத்த படியில் வெறுமையும் இருக்கும் ஏணியில், அரசு ஒப்பந்தம் பெறும் வலிமை உடையோர் குறைவாக இருப்பதில் வியப்பில்லை.

தோல் தொழிலின் நிலையும் மாறிவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் பாந்த்ராவின் இறைச்சிக் கூடம் தேவ்னாருக்கு மாறியது. பின்னர் மாசுக் காரணங்களால் பதனிடும் ஆலைகள் வெளியேறின. 2015-இல் மகாராஷ்டிர அரசு காளை, எருது வதையையும் தடை செய்தது. பதப்படுத்திய தோல் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் வருகிறது. தாராவியில் எஞ்சியிருப்பது வெட்டித் தைக்கும் கைத்திறனே.

இப்போது இருக்கும் முகவரியும் ஆட்டம் காண்கிறது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்டு வென்றது. 2023 ஜூலையில் மகாராஷ்டிர அரசு திட்டத்தை ஒப்படைத்தது. திட்ட நிறுவனத்தில் அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்போருக்கு உள்ள தகுதி, பின்னர் வந்தோருக்கும் மேல்மாடிக்காரருக்கும் அதே அளவில் இல்லை. ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் பட்டறைக்காரர், அந்த ஐந்தாண்டும் தமது பட்டறை எங்கே இருக்கும் என்று எழுதித் தர முடியாத நிலையில் இருக்கிறார்.

தனியார் மின் நிறுவனங்கள்

மாட்டுங்கா எல்லையில், ஷாலிமார் தொழிற்பேட்டைக்கு அருகே டாடா பவர் நிறுவனத்தின் தாராவி மின் ஏற்பு நிலையம் இருக்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் அதன் அனல் மின் நிலையம். புறநகரின் பெரும்பகுதிக்கு மின்சாரம் வழங்கும் நிறுவனத்தை 2018-இல் ரிலையன்ஸ் குழுமத்திடமிருந்து அதானி குழுமம் வாங்கியது. தாராவிக்கு மின்சாரம் தருவது மாநகராட்சியின் "பெஸ்ட்" நிறுவனம். மத்திய அரசின் 4 சதவீத ஆணை இவற்றில் எதையும் கட்டுப்படுத்தாது.

தனியார் துறையில் நடப்பது தன்விருப்பம் சார்ந்தது. மன்மோகன் சிங் பிரதமராக இருந்தபோது தனியார் துறையில் இட ஒதுக்கீடு குறித்த விவாதம் எழுந்தது. சட்டம் வருவதற்கு முன் தாமே முன்வருவதாக அறிவித்த தொழில் கூட்டமைப்புகள், 2006-இல் ஜே.ஜே. இரானி தலைமையில் பணிக்குழு அமைத்தன. டாடா குழுமம் கல்வி, வேலைத் திறன், வேலை, தொழில்முனைவு ஆகிய நான்கையும் சேர்த்து வாய்ப்புச் சமன்பாட்டுத் திட்டம் ஒன்றை வகுத்தது. தரமும் விலையும் சமமாக இருந்தால் தாழ்த்தப்பட்ட, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முன்னுரிமை என்பது அதன் கொள்கை. வரவேற்கத்தக்க கொள்கைதான். ஆனால், சமமான விலையில் வந்து நிற்பதே கடினமாக இருப்பவருக்கு "சமமானால் முன்னுரிமை" என்பது எவ்வளவு உதவும் என்ற கேள்வி எஞ்சுகிறது.

இந்த இடத்தில்தான் கலிபோர்னியாவின் வழி சிந்திக்கத்தக்கது. மின் நிறுவனம் தனியாருடையதானாலும், அது செய்யும் செலவு மின்கட்டணத்தில் சேர்ந்து மக்களிடமே வசூலாகிறது. மும்பையில் அந்தக் கட்டணத்தை நிர்ணயிப்பது மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம். நிலக்கரிக்கும் கம்பிக்கும் எவ்வளவு செலவு என்று கேட்கும் ஆணையம், யாரிடம் வாங்கினீர்கள் என்றும் கேட்கலாம். ஒதுக்கீடு விதிக்க வேண்டியதில்லை. கணக்கை வெளியிடச் சொன்னால் போதும். அத்தகைய அறிக்கை கேட்கும் வழக்கம் இந்திய மின் ஒழுங்குமுறை ஆணையங்களிடம் இல்லை. மாநில மட்டத்தில் அரசு முனைந்தால் முடியும் என்பதற்குக் கர்நாடகம் சான்று. அரசு ஒப்பந்தப் பணிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 17.15 சதவீதமும் பழங்குடியினருக்கு 6.95 சதவீதமும் அங்கு சட்டப்படி ஒதுக்கப்பட்டன. முதலில் 50 லட்சம் ரூபாய் வரையிலான பணிகளுக்கு இருந்த அந்த ஒதுக்கீடு 2023-இல் ஒரு கோடி ரூபாய் வரை நீட்டிக்கப்பட்டது.

இரு கருத்துகள்

இந்தக் கொள்கையைத் தலித் அறிவுலகம் ஒருமனதாக ஏற்றுக்கொள்ளவில்லை. சாதி பூட்டிவைத்த சந்தையின் கதவை மூலதனமே உடைக்கும் என்பது சந்திரபான் பிரசாத் போன்றோரின் வாதம். வேலை கேட்பவராக இருப்பதிலிருந்து வேலை தருபவராக உயர வேண்டும் என்பதே தலித் வர்த்தக சபையின் முழக்கம். விரல்விட்டு எண்ணக்கூடிய சில கோடீசுவரர்களைக் காட்டி, கோடிக்கணக்கான நிலமற்ற கூலிகளின் நிலையை மறைக்கும் முயற்சி இது என்று ஆனந்த் தெல்தும்ப்டே போன்றோர் சாடுகின்றனர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. 51 சதவீதம் காகிதத்தில் ஒருவர் பெயரிலும் பணப்பெட்டிச் சாவி வேறொருவர் கையிலும் இருக்கும் பினாமி ஏற்பாடு இத்தகைய திட்டங்களை எங்கும் தொற்றும் நோய். ஒப்பந்தம் பெறும் முதலாளி தாழ்த்தப்பட்டவராக இருப்பதனால் மட்டும் அவரிடம் தைக்கும் தொழிலாளிக்குக் கூலி உயர்ந்துவிடாது. ஆயினும், வரியாகவும் கட்டணமாகவும் எல்லோரிடமும் திரட்டப்படும் பணம் செலவாகும்போது சிலரிடம் மட்டுமே போய்ச் சேர்வது சரியா என்ற கேள்விக்கு இந்த விமர்சனங்கள் பதிலாக மாட்டா.

செய்யக்கூடியவை

பெரும் நிதியோ புதிய சட்டமோ இல்லாமல் செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவது, "யாரும் வரவில்லை" என்று 4 சதவீதத்தைப் பிறருக்குத் திருப்பும் முன், எத்தனை தொழில்முனைவோரை அணுகினோம் என்று நிறுவனம் எழுத்தில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கலாம். அடுத்து, பெரிய ஒப்பந்தங்களைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம். பத்தாயிரம் கையுறைகளுக்கான ஒப்பந்தத்தில் நுழைய முடியாதவர் ஐந்நூறு கையுறைகளுக்கு வரக்கூடும். முன் அனுபவம், முன் விற்றுமுதல் ஆகிய நிபந்தனைகளைத் தரம் குறையாமல் தளர்த்தலாம் என்று 2016 மார்ச்சிலேயே மத்திய அரசு வழிகாட்டியிருக்கிறது. அதை ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளியிலும் அச்சிடுவதுதான் மிச்சம்.

பாதுகாப்புக் கருவிகளில் தரத்தைக் குறைக்க எவரும் கேட்கவில்லை. மின்கம்பத்தில் தொங்கும் தொழிலாளியின் உயிர் அந்த இடைவாரில் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய முத்திரை பெறுவதற்கான சோதனைச் செலவைப் பல சிறு பட்டறைகள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் பொதுச் சோதனைக் கூடம் ஒன்றைத் தாராவியில் அமைக்கலாம். மறுசீரமைப்புத் திட்டத்திலேயே அதற்கு இடம் ஒதுக்கலாம். அந்தத் திட்டமே ஒரு பெரிய கொள்முதல்காரர் என்பதால், இடிக்கப்படும் பட்டறைகளிடமிருந்தே வாங்கும் பொறுப்பை அதன்மீது வைக்க, 20 சதவீதப் பங்கு வைத்திருக்கும் மாநில அரசுக்கு உரிமை உண்டு.

நாட்டின் மின்சாரக் கொள்கைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் அண்ணல் அம்பேத்கர் என்பது பலர் அறியாத செய்தி. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையோடு மின்சாரத்தையும் அவரே கவனித்தார். போருக்குப் பிந்தைய மின் வளர்ச்சியைத் திட்டமிட 1943-இல் கூடிய கொள்கைக் குழுவுக்குத் தலைமை வகித்தார். மின்சாரம் தனியார் லாபத்துக்கு மட்டுமன்றி நாட்டின் வறுமையைப் போக்கும் கருவியாகவும் இருக்க வேண்டும் என்பதே அவரது நோக்கு.

அந்த மின்சாரத்தை உற்பத்தி செய்யும் நிறுவனங்கள் யாரிடம் வாங்குகின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஆண்டுதோறும் அது தில்லிக்கு வருகிறது. 4 என்ற எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றைக்கூடத் தொடாத எண்கள் பதிவாகிவந்தன. அந்தக் கணக்கைக் கையில் எடுத்து, ஏன் என்று நாடாளுமன்றத்தில் விடாமல் கேட்க வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள். அந்தக் கேள்விக்கு நிறைவான பதில் கிடைக்கும் வரை, ஒரே அஞ்சல் எண்ணில் இருக்கும் அலுவலகமும் பட்டறையும் சாலையின் இரு புறங்களாகவே நீடிக்கும்.